கணித ஆசிரியராகப் போகிறவர் கணித வரலாற்றை எப்படிப் படிப்பது?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: கணிதத்தில் பட்டம் பெற்று ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கும் ஒருவருக்குக் கணித வரலாறு விருப்பப் பாடமாகக் கிடைத்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்வதால் வகுப்பறையில் உண்மையான பயன் ஏதும் உண்டா, அல்லது பாடத்தின் தொடக்கத்தில் சொல்லிவைக்கச் சில சுவையான கதைகள் கிடைப்பதோடு சரியா, எடுத்துக்கொண்டால் எந்த முறையில் படிக்க வேண்டும் என்று அவர் அறிய விரும்புகிறார்.

பயன் உண்டு. ஆனால் பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசையாக மனனம் செய்வதால் அது கிடைக்காது. யார் எதைக் கண்டுபிடித்தார் என்பதைக் காட்டிலும், கண்டுபிடித்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் எந்த இடத்தில் தயங்கினார்கள், எதை ஏற்க மறுத்தார்கள், மறுத்ததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதையே ஆசிரியர் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தத் தயக்கங்களில் பலவற்றை நீங்கள் வகுப்பில் மீண்டும் சந்திப்பீர்கள். சந்திக்கும்போது, மாணவர் கவனக்குறைவால் பிழை செய்கிறாரா, அல்லது கருத்திலேயே உள்ள ஒரு கடினத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறாரா என்று பிரித்தறியும் கண் உங்களுக்கு இருக்க வேண்டும். பாடநூல் அந்தக் கண்ணைத் தருவதில்லை, ஏனெனில் எல்லாத் தயக்கங்களும் துடைக்கப்பட்ட பின்னரே பாடநூல் எழுதப்படுகிறது.

குறை எண்களை எடுத்துக்கொள்வோம். நான் பணியில் சேர்ந்த புதிதில் மிகை எண்களையும் குறை எண்களையும் வரவு, கடன் என்று சொல்லியே கற்பித்து வந்தேன். கூட்டலும் கழித்தலும் தடையின்றிப் போயின. பெருக்கலுக்கு வந்ததும் ஒரு மாணவி எழுந்து, கடனைக் கடனால் பெருக்கினால் அது எப்படி வரவாகும் என்று கேட்டாள். விதி அப்படி என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அதே கேள்வியைப் பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் தம் பள்ளிப் பருவ நினைவுகளில் எழுதிவைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. குறை எண்கள் ஒருவனுடைய கடன்கள் என்றால், 10,000 பிராங்க் கடனை 500 பிராங்கால் பெருக்கி அவன் எப்படி 50 லட்சம் பிராங்குக்கு அதிபதியாவான் என்பது அவருடைய கேள்வி. அவருக்குக் கற்பித்தவர்களாலும் அதற்கு ஒழுங்கான விடை சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வியில் தவறு எதுவும் இல்லை. தவறு உவமையில் இருக்கிறது. வரவு, கடன் என்னும் உவமை கூட்டலுக்கும் கழித்தலுக்கும் பொருந்துவது. பணத்தைப் பணத்தால் பெருக்குவது என்பதற்கே பொருள் கிடையாது என்னும்போது, கடனைக் கடனால் பெருக்குவதற்கு மட்டும் எங்கிருந்து பொருள் வரும்? உவமை மிகப் பழையது. பிரம்மகுப்தர் கி.பி. 628இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணைக் கடன் என்று பொருள்படும் ருணம் என்றும் அழைத்து, கூட்டல் முதல் வகுத்தல் வரை விதிகளைத் தொகுத்துத் தருகிறார். ருணத்தை ருணத்தால் பெருக்கினால் தனம் என்ற விதியும் அங்கே உண்டு, ஆனால் காரணம் சொல்லப்படவில்லை. அதே இடத்தில் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றும் அவர் எழுதுகிறார். அதை இன்று நாம் ஏற்பதில்லை. இவ்வளவு தெளிவாக விதிகளை அமைத்தவரே அந்த ஓர் இடத்தில் இடறினார் என்றால், அதே விடையை எழுதும் மாணவரிடம் நாம் எத்தகைய பொறுமையோடு பேச வேண்டும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

விதிக்கான காரணத்தை இன்னோரிடத்தில் காணலாம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி குறை எண்களைத் தனி எண்களாக ஏற்றவர் அல்லர். ஆயினும் பத்தில் ஒன்று குறைந்ததைப் பத்தில் ஒன்று குறைந்ததால், அதாவது 10 − 1ஐ 10 − 1ஆல், பெருக்கும் கணக்கைச் செய்து காட்டுகிறார். பத்தைப் பத்தால் பெருக்கினால் 100. ஒரு பக்கத்துக் குறைவால் 10 போகிறது, மறுபக்கத்துக் குறைவால் இன்னொரு 10 போகிறது; மிஞ்சுவது 80. ஆனால் 9ஐ 9ஆல் பெருக்கினால் 81 என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எனவே, குறைந்த ஒன்றை குறைந்த ஒன்றால் பெருக்கிய பகுதி ஒன்றைக் கூட்டியே தீர வேண்டும். இதைக் கரும்பலகையில் 10க்கு 10 கட்டங்கள் வரைந்து, ஒரு வரிசையையும் ஒரு நிரலையும் அழித்துக் காட்டினால், மூலையில் உள்ள ஒரு கட்டம் இரண்டு முறை கழிக்கப்பட்டிருப்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள். இருமுறை கழித்ததை ஒருமுறை திருப்பித் தருகிறோம், அவ்வளவுதான். கடனும் வரவும் இல்லாமல் விதி கிடைத்துவிட்டது. இந்த விளக்கத்தை எந்தக் கற்பித்தல் கையேட்டிலிருந்தும் நான் பெறவில்லை. வரலாற்றைப் படித்ததால்தான் கிடைத்தது.

விதி கிடைத்துவிட்டால் குறை எண்ணை எண்ணாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று கருதிவிட வேண்டாம். இரண்டாம் பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கு வருகிறது. ஒரு கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, அதன் வர்க்கத்துக்குச் சமமான குரங்குகள் குகைக்குள் போய்விட்டன, கிளையில் ஏறிய ஒன்று மட்டும் கண்ணில் படுகிறது, மொத்தம் எத்தனை? சமன்பாட்டைத் தீர்த்தால் 50, 5 என்று இரண்டு விடைகள் வரும். இரண்டையும் பொருத்திப் பாருங்கள். 50இன் ஐந்தில் ஒரு பங்கு 10, மூன்று போக 7, வர்க்கம் 49, ஒன்றைக் கூட்ட 50. மற்றொன்றில் 5இன் ஐந்தில் ஒரு பங்கு 1, மூன்று போக −2, வர்க்கம் 4, ஒன்றைக் கூட்ட 5. இரண்டும் சமன்பாட்டுக்குப் பொருந்துகின்றன. ஆனால் பாஸ்கரர் இரண்டாவதைக் கொள்ளத் தகாதது என்று விலக்குகிறார். கண்ணெதிரே உள்ள பொருள் குறை எண்ணாக இருப்பதை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். வகுப்பில் இதைவிட நல்ல விவாதப் பொருள் கிடைப்பது அரிது. 5 என்ற விடை மிகை எண்தான். இடையில் தோன்றும் −2தான் சிக்கல். சமன்பாட்டின் விடை வேறு, கேள்வியின் விடை வேறு என்பதை ஒரு மாணவர் தம் வாயால் சொல்ல இந்த ஒரு கணக்கு போதும்.

இந்தத் தயக்கம் நீண்ட காலம் நீடித்தது. 1545இல் இத்தாலியக் கணிதர் கார்டானோ குறை விடைகளைக் கற்பனையானவை என்று பெயரிட்டே கையாண்டார். இங்கிலாந்தில் பிரான்சிஸ் மாஸரஸ் 1758இல் கழித்தல் குறியின் பயன்பாட்டைப் பற்றி ஒரு தனி நூலே எழுதி, பெரியதைச் சிறியதிலிருந்து கழிப்பதை இயற்கணிதத்திலிருந்து விலக்க வேண்டும் என்று வாதிட்டார். 1831இல் கூட ஆங்கிலக் கணிதர் டி மார்கன், தந்தைக்கு 56, மகனுக்கு 29 வயது, தந்தையின் வயது மகனுடையதைப் போல் இருமடங்காவது எப்போது என்ற கணக்குக்கு −2 என்ற விடை வந்ததும், கேள்வியை 'எப்போது இருமடங்காக இருந்தது' என்று மாற்றி எழுத வேண்டும் என்றே சொன்னார். விதி எழுதப்பட்டு 1,200 ஆண்டுகள் கடந்த பிறகும் இந்த நிலை இருந்தது. நாமோ ஒரே வாரத்தில் அதைக் கற்பித்து முடித்துவிட எண்ணுகிறோம்.

இருபடிச் சமன்பாட்டுக்கும் அல்-குவாரிஸ்மியிடமே திரும்பலாம். ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் பத்து மடங்கும் சேர்ந்து 39 என்றால் மூலம் என்ன என்பது அவருடைய புகழ்பெற்ற கணக்கு. பயிற்சி மாணவர்களிடம் நான் இதைத் தாளும் கத்தரிக்கோலும் கொண்டு செய்யச் சொல்வது வழக்கம். பக்கம் தெரியாத ஒரு சதுரம். அதன் இரு பக்கங்களில் 5 அகலமுள்ள இரண்டு செவ்வகங்கள். இம்மூன்றின் பரப்பும் சேர்ந்து 39. மூலையில் ஒரு வெற்றிடம் தெரிகிறது. அது 5க்கு 5 சதுரம், பரப்பு 25. அதை நிரப்பினால் முழுச் சதுரத்தின் பரப்பு 64, பக்கம் 8. அதிலிருந்து 5 போக மூலம் 3. 'கெழுவின் பாதியை வர்க்கப்படுத்தி இருபுறமும் கூட்டுக' என்று நாம் மந்திரம் போலச் சொல்லும் வரி அந்த மூலையை நிரப்பும் வேலையே. நிரப்புகிறோம் என்பதைக் கையால் செய்த மாணவருக்கு, வர்க்க நிறைவு என்ற பெயர் ஏன் வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சமன்பாட்டின் மற்றொரு விடையான −13 இந்தப் படத்தில் எங்கும் இல்லை, ஏனெனில் சதுரத்தின் பக்கம் குறை எண்ணாக முடியாது. குறைக் கெழுக்களை எழுத முடியாத காரணத்தால் அவர் இரண்டாம் படி வரையிலான சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, சதுரம் நிரப்ப வேண்டிய மூன்று வகைகளுக்கும் தனித்தனி முறைகள் தந்தார். நாம் ஒரே வாய்பாட்டை வைத்திருப்பது குறை எண்களை ஏற்றதால் கிடைத்த ஆதாயம் என்பது இங்கே விளங்கும்.

அடுத்து, பாடநூலின் வரிசையும் வரலாற்றின் வரிசையும் ஒன்றல்ல என்பது. நுண்கணிதம் இதற்கு நல்ல சான்று. நாம் எல்லை, தொடர்ச்சி, வகையீடு, தொகையீடு என்று கற்பிக்கிறோம். வரலாறு ஏறக்குறைய தலைகீழாக நடந்தது. பரவளையத் துண்டின் பரப்பை ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். நியூட்டனும் லைப்னிட்ஸும் 17ஆம் நூற்றாண்டில் வகையீட்டையும் தொகையீட்டையும் இணைத்தார்கள். எல்லையை அடித்தளமாக வைத்துக் கோஷி பாடம் எழுதியது 1821இல். எப்சிலான், டெல்டா கொண்டு நாம் இன்று எழுதும் துல்லியமான வடிவம் வையர்ஸ்ட்ராஸின் விரிவுரைகளால் நிலைபெற்றது. இடைப்பட்ட காலத்தில், 1734இல், பிஷப் பெர்க்லி நுண்ணளவுகளை, அதாவது பூச்சியத்தை நெருங்கும் மிகச் சிறிய அளவுகளை, மறைந்துபோன அளவுகளின் ஆவிகள் என்று எள்ளி நகையாடினார். பூச்சியமல்ல என்று சொல்லி வகுத்துவிட்டு, அடுத்த வரியில் பூச்சியம் என்று சொல்லி அதை நீக்கிவிடுவது எப்படி என்ற அவருடைய கேள்வியைப் பன்னிரண்டாம் வகுப்பில் கூர்மையான மாணவர் எவரும் கேட்பார். கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்தக் கதையில் ஆசிரியராகப் போகிறவருக்கு நெருக்கமானவர் ஜெர்மானியக் கணிதர் டெடெகிண்ட். 1858இல் சூரிக் நகரின் பல்தொழில்நுட்பப் பள்ளியில் முதன்முறையாக வகைநுண்கணிதத்தின் அடிப்படைகளைக் கற்பிக்க வேண்டியிருந்தபோது, ஏறிக்கொண்டே போகும் ஆனால் ஓர் அளவைத் தாண்டாத மாறி ஓர் எல்லையை அடைந்தே தீரும் என்பதற்கு வடிவியல் படத்தைத் தவிரத் தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். கற்பிப்பதற்குப் படம் பயனுள்ளது என்பதை அவர் மறுக்கவில்லை; அதை அறிவியல் அடித்தளம் என்று சொல்ல மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 24 அன்று விடை கிடைத்தது என்று அவரே தேதி குறித்திருக்கிறார். விகிதமுறு எண்களை இரு கூறாகப் பிரிக்கும் வெட்டுகளால் விகிதமுறா எண்களை வரையறுக்கும் அந்தக் கருத்தை 1872இல்தான் வெளியிட்டார். பாடம் நடத்த முடியாமல் தவித்ததிலிருந்து மெய்யெண்களின் வரையறை ஒன்று பிறந்திருக்கிறது.

அப்படியானால் வகுப்பிலும் வரலாற்று வரிசையிலேயே நடத்திவிடலாமே என்று தோன்றும். இதைப் பற்றித் தெளிவாகச் சிந்தித்தவர் ஜெர்மானியக் கணிதர் ஆட்டோ டோப்ளிட்ஸ். 1926இல் நிகழ்த்தி அடுத்த ஆண்டு அச்சான உரை ஒன்றில், ஒரு கருத்து எந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது என்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும் என்றார் அவர். ஆனால் அதை வரலாறாகவே வகுப்பில் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அறிந்ததை நேரடியாகப் பாடத்தின் போக்கில் அமைப்பது ஒரு வழி. வரலாற்றிலிருந்து சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு, பெயரோ ஆண்டோ சொல்லாமல், விளக்கத்தை அதற்கேற்பத் திருத்திக்கொள்வது மறைமுகமான இன்னொரு வழி. என் அனுபவத்தில் இரண்டாவதே பெரும்பாலும் கைகொடுக்கிறது. மேலே சொன்ன 10க்கு 10 கட்டத்தைக் காட்ட அல்-குவாரிஸ்மியின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

மனித இனம் கடந்து வந்த பாதையைக் குழந்தையும் அப்படியே கடந்தாக வேண்டும் என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டின் உயிரியலிலிருந்து கல்விக்குள் நுழைந்தது. உயிரியலே அதைக் கைவிட்டுவிட்டது. நம் மாணவர் பூச்சியத்தோடும் தசமப் புள்ளியோடும் வளர்ந்தவர்; வெப்பமானியில் குறை எண்ணைப் பார்த்தவர். மாஸரஸுக்கு இருந்த தடை எல்லாம் அவருக்கும் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடக் கூடாது. எங்கே கவனித்துக் கேட்க வேண்டும் என்பதை வரலாறு உங்களுக்குச் சுட்டும்; அங்கே என்ன கேட்கும் என்பது மாணவரைப் பொறுத்தது. வரிசை மாறியிருப்பதால் நன்மையும் உண்டு. நேப்பியர் 1614இல் மடக்கையை வெளியிட்டபோது, அடுக்குக்குறியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. நகரும் இரண்டு புள்ளிகளின் வேகங்களை ஒப்பிட்டே அதை வரையறுத்தார். அந்த வழியில் இன்று நடத்தினால் வகுப்பு தூங்கிவிடும். ஆனால் பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவதே அவருடைய நோக்கம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் பாடம் உயிர் பெறும்.

கதைகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். சிறுவன் காஸ் 1 முதல் 100 வரை நொடியில் கூட்டிய கதை இல்லாத பயிற்சிக் கையேடு இல்லை. அதன் மூலம், காஸ் இறந்த மறு ஆண்டு, 1856இல், அவருடைய நண்பர் சார்ட்டோரியஸ் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு. அதில் 1 முதல் 100 வரை என்ற எண்களே இல்லை, ஒரு கூட்டுத் தொடர் என்று மட்டுமே இருக்கிறது. மற்றவை பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. கதையைச் சொல்லலாம், சாட்சியம் போலச் சொல்லக் கூடாது. √2 விகிதமுறா எண் என்பதை வெளியிட்டவரைப் பித்தாகரஸின் சீடர்கள் கடலில் மூழ்கடித்தார்கள் என்ற கதையும் அவ்வாறே பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது.

யார் முதலில் என்ற போட்டியில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். பூச்சியத்தை யார் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்விக்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன: காலியிடத்தைக் காட்டும் குறி, இடமதிப்பு முறையில் மற்ற இலக்கங்களோடு சமமாக நிற்கும் இலக்கம், கூட்டவும் பெருக்கவும் விதிகள் உள்ள எண். முதலாவது பாபிலோனியரிடம் கி.மு. 300 அளவிலேயே உண்டு. மூன்றாவது பிரம்மகுப்தரிடம் தெளிவாக உருப்பெறுகிறது. கேள்வியைப் பிரித்துவிட்டால் சண்டைக்கு இடமில்லாமல் போவதோடு, மாணவர் 105ஐயும் 15ஐயும் குழப்பும்போது இவற்றுள் எது அவருக்குப் புரியவில்லை என்று பார்க்கவும் அந்தப் பிரிப்பு உதவும். கேரளக் கணிதர் மாதவரின் முடிவிலித் தொடர்களைப் பற்றிப் பேசும்போதும் இதே நிதானம் வேண்டும். அவை லைப்னிட்ஸுக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் முந்தியவை. 16ஆம் நூற்றாண்டின் மலையாளக் கணித நூலான யுக்திபாஷையில் அவற்றுக்கு விரிவான நிரூபணங்கள் உள்ளன. ஆனாலும் அவற்றை முழு நுண்கணிதம் என்று அழைப்பது மிகை.

சொற்களின் வரலாறு ஆசிரியருக்கு எளிதில் கைவரும் செல்வம். வில்லின் நாணைக் குறிக்கும் ஜ்யா, ஜீவா என்ற சொல் அரபியில் ஒலிபெயர்க்கப்பட்டு, உயிர்க்குறி இல்லாமல் எழுதப்பட்டதால் மடிப்பு என்று பொருள்படும் வேறொரு சொல்லாக வாசிக்கப்பட்டு, அதை மொழிபெயர்த்த லத்தீன் சைனஸிலிருந்து சைன் வந்தது. தமிழ் வழியில் கற்பிப்பவருக்கு இது இன்னும் இனிது; வட்டத்தின் நாண் என்று நாம் சொல்வதும் வில்லின் நாணையே. வில்லையும் நாணையும் வரைந்து நாணின் பாதியைக் காட்டினால், சைன் எங்கிருந்து வந்தது என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

இனி, படிக்கும் முறை. ஒரு பெரிய வரலாற்று நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், பாதியில் நின்றுவிடும். நீங்கள் கற்பிக்கப் போகும் வகுப்புகளின் பாடத்திட்டத்திலிருந்து நான்கைந்து தலைப்புகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலநூலின் மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு பக்கமேனும் படியுங்கள். படிக்கும்போது இன்றைய குறியீட்டுக்கு உடனே மாற்றிவிடாதீர்கள். முதலில் அவர்கள் செய்தபடியே செய்து பாருங்கள், மாற்றி எழுதுவது அதன் பின். யூக்ளிட்டின் 'அடிப்படைகள்' தொகுதியின் இரண்டாம் நூலில் உள்ள சதுரங்களையும் செவ்வகங்களையும் இயற்கணித முற்றொருமைகளாக எழுதிவிடலாமா என்பது குறித்து வரலாற்றாசிரியர்களிடையே 1975 முதல் கடும் விவாதமே நடந்தது. மாற்றி எழுதினால் எது தொலைந்துபோகிறது என்பதைக் கவனிப்பதே பயிற்சியின் பெரும்பகுதி. வாழ்க்கைக் குறிப்புகளுக்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் மேக்டியூட்டர் தொகுப்பு தொடக்கத்துக்குப் போதும்.

தொடங்குவதற்கு ஒரு பொருளைச் சொல்கிறேன். யேல் பல்கலைக்கழகத்தின் பாபிலோனியத் தொகுப்பில் 7289 என்ற எண்ணுடன், உள்ளங்கையில் அடங்கும் வட்டமான களிமண் பலகை ஒன்று உள்ளது. ஏறக்குறைய கி.மு. 1800க்கும் 1600க்கும் இடைப்பட்டது. பயிலும் மாணவர் ஒருவருடையதாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதில் ஒரு சதுரமும் இரண்டு மூலைவிட்டங்களும் வரையப்பட்டுள்ளன. பக்கத்தில் 30 என்றும், மூலைவிட்டத்தின் மேல் 1, 24, 51, 10 என்றும், அதன் கீழ் 42, 25, 35 என்றும் அறுபதின் அடுக்குகளில் எண்கள் உள்ளன. படத்தை அச்சிட்டு, விளக்கம் எதையும் படிக்காமல், ஒரு மணி நேரம் உட்காருங்கள். 24ஐ 60ஆல், 51ஐ 3,600ஆல், 10ஐ 2,16,000ஆல் வகுத்து 1உடன் கூட்டுங்கள், 1.414213 அளவில் வரும். அதை 30ஆல் பெருக்குங்கள். பிறகு, அந்தப் பலகையில் முழு எண் எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் குறி எதுவும் இல்லாததால், 30 என்பதை அறுபதில் முப்பது, அதாவது அரை என்றும் வாசிக்கலாமே என்று யோசித்து, அப்படி வாசித்தால் கீழே உள்ள 42, 25, 35 எந்த எண்ணாகிறது, அதற்கும் மேலே உள்ள எண்ணுக்கும் என்ன உறவு என்று கணக்கிடுங்கள். வெளிவரும் இரண்டு எண்களையும் ஒன்றையொன்று பெருக்கிப் பாருங்கள். 1க்கு மிக அருகில் வரும்.